மருத்துவத் தரவும் தனியுரிமை காக்கும் இயந்திரக் கற்றலும்: சிறு சமூகங்களை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

நோயாளரின் பதிவேடுகளைக் கொண்டு கணினி மாதிரிகளைப் பயிற்றுவிக்கும் முயற்சிகள் உலகெங்கும் பெருகியுள்ளன. பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டால் நோயாளரின் தனியுரிமை காக்கப்பட்டுவிடும் என்னும் பழைய நம்பிக்கை ஏன் பொய்த்தது என்பதையும், அதற்கு மாற்றாக எழுந்த கூட்டிணைவுக் கற்றல், மறைகூட்டல், மறையாக்கக் கணிப்பு, வேறுபாட்டுத் தனியுரிமை ஆகிய வழிமுறைகள் எவ்வாறு இயங்குகின்றன என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. இக்காப்புகளின் விலையை எல்லாரும் சமமாகச் செலுத்துவதில்லை. எண்ணிக்கையில் சிறிய குழுக்களே மிகுதியாகச் செலுத்துகின்றன. புலம்பெயர்ந்து வாழும் தமிழர் பல நாடுகளில் அத்தகைய சிறு குழுவினராக இருப்பதால், இச்சிக்கல் தமிழாய்வு அரங்கிலும் பேசப்பட வேண்டிய ஒன்று என்பது கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச் சொற்கள்: மருத்துவத் தரவு, தனியுரிமை, இயந்திரக் கற்றல், கூட்டிணைவுக் கற்றல், வேறுபாட்டுத் தனியுரிமை, ஒப்புதல் படிவம், கலைச்சொல்லாக்கம்.

1. முன்னுரை

மருத்துவரிடம் நோயாளர் கூறும் செய்தி நம்பிக்கையின் அடிப்படையில் கூறப்படுவது. உறவினரிடமும் சொல்லாததை மருத்துவரிடம் சொல்கிறோம். அது அவ்வறைக்குள்ளேயே நிற்கும் என்று எண்ணுகிறோம். அச்செய்தி இன்று மின்பதிவாகச் சேமிக்கப்படுகிறது. பல்லாயிரம் பேரின் பதிவுகளோடு சேர்ந்து ஒரு கணினி மாதிரியைப் பயிற்றுவிக்கும் கருவியாகிறது. அம்மாதிரி நாளை வேறொருவரின் நோயைக் காலத்தே கண்டறிய உதவலாம். ஆகவே தரவைப் பூட்டி வைப்பதும் ஒருவகையில் தீங்கே. திறந்து விடுவதும் தீங்கே. இவ்விரண்டிற்கும் இடையே வழி காண முயலும் துறையே தனியுரிமை காக்கும் இயந்திரக் கற்றல்.

இத்துறையின் கணித நுட்பங்களைத் தமிழில் விளக்கும் எழுத்துகள் குறைவு. எனவே இக்கட்டுரை சூத்திரங்களைத் தவிர்த்து, கையால் போட்டுப் பார்க்கத்தக்க சிறு கணக்குகளின் வழியே கருத்துகளை விளக்குகிறது.

2. பெயரை நீக்கினால் போதுமா?

1990களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், அரசு ஊழியர்களுக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் மருத்துவக் காப்புறுதி வழங்கும் ஆணையம், ஏறத்தாழ 1,35,000 பேரின் மருத்துவப் பதிவுகளை ஆய்வாளர்களுக்கு வழங்கியது. பெயர், முகவரி ஆகியன நீக்கப்பட்டிருந்தன. பிறந்த நாள், பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றும் எஞ்சியிருந்தன. அப்போது பட்டப்பின் மாணவியாக இருந்த லட்டான்யா ஸ்வீனி, கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கினார். அதில் பெயரோடு அதே மூன்று விவரங்களும் இருந்தன. மாநில ஆளுநர் வில்லியம் வெல்ட் அந்நகரவாசி. அவருடைய பிறந்த நாளைக் கொண்டவர் அறுவர். அவர்களுள் ஆடவர் மூவர். அவருடைய அஞ்சல் குறியீட்டில் வாழ்ந்தவர் அவர் ஒருவரே. இவ்வாறு ஆளுநரின் மருத்துவப் பதிவு 1997இல் அடையாளம் காணப்பட்டது.

இது ஒருவர்க்கு மட்டும் நேர்ந்த விபத்தன்று. 1990ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கொண்டு, அமெரிக்கரில் 87 விழுக்காட்டினரை இம்மூன்று விவரங்களாலேயே தனித்துக் காட்டக்கூடும் என்று ஸ்வீனி கணித்தார். பின்னர் 2006இல் பிலிப் கோல் 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பைக் கொண்டு மறுகணக்கிட்டு, அது 63 விழுக்காடு என்றார். குறைந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும், மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெயரின்றியே அடையாளம் காணத்தக்கவர் என்பது தெளிவு.

இதனால் அமெரிக்கச் சுகாதாரத் தனியுரிமை விதிகள் நீக்கப்பட வேண்டிய 18 அடையாளங்களைப் பட்டியலிட்டன. அஞ்சல் குறியீட்டின் முதல் மூன்று எண்களை மட்டும், அதுவும் அப்பகுதியில் 20,000க்கு மேற்பட்டோர் வாழ்ந்தால் மட்டும், வைத்துக்கொள்ளலாம். 89 வயதைக் கடந்தோர் அனைவரும் ஒரே தொகுதியாகவே காட்டப்பட வேண்டும். மக்கள் செறிவு குறைந்த இடத்தில் வாழ்பவரும் மிக முதியவரும் தனித்துத் தெரிவர் என்பதைச் சட்டமே உணர்ந்திருந்தது. ஆனால் பட்டியலில் அடங்காத வழிகளும் உள. 2019இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 84 தன்னார்வலரின் தலைப்பகுதிக் காந்த அதிர்வுப் படங்களிலிருந்து முகத்தோற்றத்தை மீட்டெடுத்து, அவர்களின் ஒளிப்படங்களோடு முகமறி மென்பொருளால் ஒப்பிட்டனர். 70 பேர், அதாவது 83 விழுக்காட்டினர், சரியாக அடையாளம் காணப்பட்டனர். இங்கே நீக்குவதற்குப் பெயர் என்று ஒன்று இல்லை, படமே பெயராகிவிடுகிறது.

3. மாதிரி காட்டிக்கொடுப்பது

தரவை வெளியிடாமல், அதனால் பயிற்சி பெற்ற மாதிரியை மட்டும் வெளியிட்டால் என்ன என்று கேட்கலாம். மாதிரி என்பது எண்களின் தொகுப்பே. அதில் எந்த நோயாளரின் பதிவும் நேரடியாக எழுதப்பட்டிருப்பதில்லை. ஆயினும் அது தான் கற்றதை ஓரளவு மனப்பாடம் செய்துகொள்கிறது.

2017இல் ரெசா ஷொக்ரியும் உடனாய்வாளர்களும் இதை நிறுவினர். ஒரு பதிவை மாதிரியிடம் கொடுத்தால், முன்பே பயின்ற பதிவாயின் அது மிகுந்த உறுதியோடும், புதிய பதிவாயின் சற்றுத் தயக்கத்தோடும் விடை தருகிறது. இவ்வேறுபாட்டைக் கொண்டு, ஒருவரின் பதிவு பயிற்சித் தரவில் இருந்ததா இல்லையா என்று உய்த்துணரலாம். அவர்கள் சோதித்த தரவுகளுள் டெக்சஸ் மாநில மருத்துவமனைப் பதிவுகளும் அடங்கும். ஒரு பட்டியலில் இருந்தார் என்பதில் என்ன தீங்கு எனத் தோன்றலாம். அப்பட்டியல் எச்.ஐ.வி. தொற்றுடையோரின் பட்டியலாயின், அதில் இருந்தார் என்பதே முழுச் செய்தியும் ஆகும்.

மற்றொரு வகை, விடையிலிருந்து வினாவை மீட்பது. வார்ஃபரின் என்பது இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து. அளவு குறைந்தால் பக்கவாதம் நேரலாம். கூடினால் இரத்தக்கசிவு நேரலாம். உரிய அளவு வயது, உயரம், எடை, பிற மருந்துகள், இரண்டு மரபணுக்களின் வகை ஆகியவற்றைப் பொறுத்தது. பன்னாட்டு நோயாளர் தரவைக் கொண்டு இவ்வளவைக் கணிக்கும் மாதிரி ஒன்று உருவாக்கப்பட்டிருந்தது. 2014இல் மாட் ஃபிரெட்ரிக்சனும் உடனாய்வாளர்களும், ஒருவரின் பொதுவிவரங்களும் அவர் பெறும் மருந்தளவும் தெரிந்தால், மாதிரியைப் பின்னோக்கி இயக்கி அவருடைய மரபணு வகையை ஊகிக்கலாம் என்று காட்டினர். மரபணுச் செய்தி ஒருவரோடு முடிவதில்லை. உடன்பிறந்தாரையும் பிள்ளைகளையும் அது பற்றும்.

4. காக்கும் வழிமுறைகள்

வழிமுறைகள் பல, அவை காக்கும் இடங்களும் வேறு வேறு. கூட்டிணைவுக் கற்றல் தரவு இருக்கும் இடத்தைக் காக்கிறது. மறைகூட்டலும் மறையாக்கக் கணிப்பும் கணிப்பு நிகழும் வழியைக் காக்கின்றன. வேறுபாட்டுத் தனியுரிமை வெளிவரும் விடையைக் காக்கிறது. இப்பாகுபாட்டை மனத்திற்கொண்டால், ஒன்றின் பணியை மற்றொன்றிடம் எதிர்பார்க்கும் பிழை நேராது.

4.1 கூட்டிணைவுக் கற்றல்

ஒரே மருத்துவமனையின் தரவால் பயின்ற மாதிரி பிற இடங்களில் தடுமாறுவது இயல்பு. நுரையீரல் அழற்சியை மார்பு ஊடுகதிர்ப் படத்தில் கண்டறியப் பயின்ற மாதிரிகள், படம் எந்த மருத்துவமனையில் எடுக்கப்பட்டது என்பதையே கண்டறிந்து அதைச் சான்றாகப் பயன்படுத்தக்கூடும் என்பதை 2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆகவே பல மருத்துவமனைகளின் தரவு தேவை. ஆனால் அவற்றை ஓரிடத்தில் குவிக்கச் சட்டமும் நம்பிக்கையும் இடந்தருவதில்லை.

ஆங்கிலத்தில் ஃபெடரேட்டட் லேர்னிங் எனப்படும் கூட்டிணைவுக் கற்றல் இதற்கு விடையாக வந்தது. இங்கே தரவு மாதிரியிடம் செல்வதில்லை. மாதிரி தரவிடம் செல்கிறது. நடுவண் கணினி ஒரு தொடக்க மாதிரியை எல்லா மருத்துவமனைகளுக்கும் அனுப்பும். ஒவ்வொன்றும் தன் தரவால் அதைச் சிறிது திருத்தி, திருத்தத்தை மட்டும் திருப்பி அனுப்பும். நடுவண் கணினி திருத்தங்களைச் சராசரியாக்கிப் புதிய மாதிரியை மீண்டும் அனுப்பும். இச்சுற்றுப் பலமுறை தொடரும். கூகுள் ஆய்வாளர்கள் கைப்பேசிகளுக்காக வகுத்த இம்முறை, விரைவில் மருத்துவத்திற்கும் வந்தது.

கொவிட்-19 பெருந்தொற்றின்போது உலகின் 20 மருத்துவ நிறுவனங்கள் இவ்வகையில் இணைந்து, அவசரப் பிரிவுக்கு வரும் நோயாளருக்கு எவ்வளவு உயிர்வளி தேவைப்படும் என்று கணிக்கும் மாதிரியை உருவாக்கின. 2021இல் வெளியான முடிவின்படி, தனியொரு நிறுவனத்தின் தரவால் மட்டும் பயின்ற மாதிரிகளைவிடக் கணிப்பின் தரம் சராசரியாக 16 விழுக்காடும், பிற இடங்களுக்குப் பொருந்தும் திறன் 38 விழுக்காடும் உயர்ந்தன. மூளைப் புற்றுக்கட்டியின் எல்லையை வரையறுக்கும் மற்றொரு முயற்சியில் ஆறு கண்டங்களைச் சேர்ந்த 71 மையங்கள் இணைந்தன. 6,314 நோயாளரின் படங்கள், அவை இருந்த இடத்தை விட்டு அகலாமலே பயன்பட்டன.

ஆயினும் இம்முறை தன்னளவில் முழுக்காப்பு அன்று. அனுப்பப்படும் திருத்தங்களிலிருந்தே பயிற்சிப் படத்தை ஏறத்தாழ முழுமையாக மீட்டெடுக்கலாம் என்று 2019இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. வீட்டை விட்டு வெளியே வராதவரின் நிழல் சன்னலில் தெரிவது போன்றது இது.

4.2 மறைகூட்டல்

நடுவண் கணினிக்குத் தேவை திருத்தங்களின் கூட்டுத்தொகையே. தனித்தனித் திருத்தங்கள் அல்ல. தனி எண்ணைக் காட்டாமல் கூட்டுத்தொகையை மட்டும் காட்ட முடியுமா? முடியும். மூன்று மருத்துவமனைகளிடம் முறையே 40, 25, 60 என்ற எண்கள் உள்ளன என்க. முதலும் இரண்டும் 317 என்ற எண்ணையும், முதலும் மூன்றும் 542 என்ற எண்ணையும், இரண்டும் மூன்றும் 128 என்ற எண்ணையும் தமக்குள் இரகசியமாகத் தெரிவு செய்கின்றன. ஒவ்வோர் இணையிலும் முன்னது அவ்வெண்ணைக் கூட்டும், பின்னது கழிக்கும். விடை ஆயிரத்தைத் தாண்டினால் ஆயிரத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். சுழிக்குக் கீழ் சென்றால் ஆயிரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

முதல் மருத்துவமனை 40, 317, 542 ஆகியவற்றைக் கூட்டி 899 என்று அனுப்புகிறது. இரண்டாவது, 25இல் 317ஐக் கழித்து 128ஐக் கூட்டி, 836 என்று அனுப்புகிறது. மூன்றாவது, 60இல் 542ஐயும் 128ஐயும் கழித்து, 390 என்று அனுப்புகிறது. பெறுபவர்க்கு இம்மூன்றும் பொருளற்ற எண்கள். ஆனால் அவற்றைக் கூட்டினால் 2,125. ஆயிரங்களை நீக்கினால் 125. இதுவே 40, 25, 60 ஆகியவற்றின் உண்மைக் கூட்டுத்தொகை. இரகசிய எண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டன. நடைமுறையில் எண்கள் மிகப் பெரியனவாகவும், இடையில் ஒரு பங்காளி விலகினாலும் கணக்கு முறியாதவாறும் அமைக்கப்படும். அதற்கு 1979இல் ஆதி ஷமீர் வகுத்த இரகசியப் பங்கீட்டு முறை துணைசெய்கிறது.

4.3 மறையாக்கக் கணிப்பு

பூட்டிய பெட்டியைத் திறக்காமலே அதனுள் இருப்பதைக் கொண்டு கணக்கிட முடியுமா என்ற வினாவை 1978இல் ரிவெஸ்ட், ஏடல்மன், டெர்டௌசொஸ் ஆகியோர் எழுப்பினர். எளிய சாயல் ஒன்றைக் காணலாம். 3, 4 என்ற எண்களை இரண்டின் அடுக்குகளாக மாற்றினால் 8, 16 ஆகும். இவற்றைப் பெருக்கினால் 128. அது இரண்டின் ஏழாம் அடுக்கு. பெருக்கியவர் 3, 4 என்பவற்றை அறியாமலே அவற்றின் கூட்டலைச் செய்துவிட்டார். உண்மையான மறையாக்கத்தில் திறவுகோல் இன்றி மூல எண்ணை அறிய இயலாது. கூட்டல், பெருக்கல் இரண்டையும் வரம்பின்றிச் செய்ய இடந்தரும் முறையை 2009இல் கிரெய்க் ஜென்ட்ரி முதன்முதலில் அமைத்தார்.

இதன் வழி, ஒரு மருத்துவமனை தன் நோயாளரின் தரவை மறையாக்கி வெளிக்கணினிக்கு அனுப்பி, மறையாக்கப்பட்ட விடையையே பெற்றுத் தானே திறந்துகொள்ளலாம். கணிக்கும் நிறுவனம் எதையும் அறியாது. விலை கணினியின் உழைப்பில் உள்ளது: மறையாக்கப்பட்ட எண்கள் பன்மடங்கு பருத்துவிடுகின்றன, கணிப்பு மிகவும் மெதுவாகிறது.

4.4 வேறுபாட்டுத் தனியுரிமை

மேற்கண்டவை யாவும் கணிப்பு முடியும் வரை காக்கின்றன. முடிந்தபின் வெளிவரும் விடையே காட்டிக்கொடுத்தால் என் செய்வது? இவ்வினாவுக்குச் சிந்தியா டுவொர்க், ஃபிராங்க் மெக்‌ஷெரி, கோபி நிசிம், ஆடம் ஸ்மித் ஆகியோர் 2006இல் தந்த விடை, டிஃபரன்ஷியல் பிரைவசி எனப்படும் வேறுபாட்டுத் தனியுரிமை. ஒருவரின் பதிவு தரவில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெளிவரும் விடை ஏறத்தாழ ஒரேபோல் இருக்க வேண்டும் என்பதே அதன் வரையறை. அவ்வாறாயின், விடையைக் காண்பவர் அவரைப் பற்றித் தனியாக எதையும் உறுதியாக அறிய இயலாது.

இதன் முன்னோடியை 1965இல் ஸ்டான்லி வார்னர் முன்வைத்த கருத்துக்கணிப்பு முறையில் காணலாம். அம்முறையின் பிற்கால வடிவம் ஒன்று பின்வருமாறு. சொல்லக் கூசும் நோய் ஒன்று உளதா என்று கேட்க வேண்டும் என்க. ஒவ்வொருவரும் மறைவாக ஒரு நாணயத்தைச் சுண்டுகிறார். தலை விழுந்தால் உண்மை சொல்ல வேண்டும். பூ விழுந்தால் மீண்டும் சுண்டி, தலைக்கு 'ஆம்' என்றும் பூவுக்கு 'இல்லை' என்றும் சொல்ல வேண்டும். இப்போது ஒருவர் 'ஆம்' என்றால் அது உண்மையாகவும் இருக்கலாம், நாணயத்தின் விளையாட்டாகவும் இருக்கலாம். நோயுடையவர் 'ஆம்' என்பதற்கு நான்கில் மூன்று வாய்ப்பு. இல்லாதவர் 'ஆம்' என்பதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு. மொத்தத்தில் 1,000 பேருள் 300 பேர் 'ஆம்' என்றால், நோயின்றியே 'ஆம்' சொல்லும் 250ஐக் கழித்து, எஞ்சிய 50ஐ இரட்டித்தால், நோயுடையோர் ஏறத்தாழ 100 பேர் என்று கணிக்கலாம். தனியொருவரின் செய்தி மறைந்தது; மக்கள் கூட்டத்தின் செய்தி கிடைத்தது.

இவ்விரு வாய்ப்புகளின் விகிதம் 3. அதன் இயல் மடக்கை ஏறத்தாழ 1.1. இவ்வளவையே எப்சிலான் என்ற கிரேக்க எழுத்தால் குறிப்பர். எப்சிலான் சிறிதாக ஆக, காப்பு மிகும். விடையின் துல்லியம் குறையும். ஒரே தரவின் மீது பல வினாக்கள் கேட்கப்பட்டால் எப்சிலான்கள் கூடிக்கொண்டே போகும். ஆகவே இது வீட்டுச் செலவுக் கணக்குப் போல வரம்பிட்டுச் செலவழிக்க வேண்டிய ஒன்று.

இயந்திரக் கற்றலில் இதைக் கையாளும் முறை 2016இல் வகுக்கப்பட்டது. ஒவ்வொரு நோயாளரின் பதிவும் மாதிரியில் செய்யக்கூடிய திருத்தத்திற்கு ஓர் உச்சவரம்பு விதிக்கப்படும்; பின் தற்செயலான பிசிறு எண்கள் அதனோடு கலக்கப்படும். எவர் ஒருவரின் பதிவும் மாதிரியைத் தன் பக்கம் பெரிதும் இழுக்க இயலாது.

5. காப்பின் விலை

வார்ஃபரின் ஆய்வுக்கு மீள்வோம். ஃபிரெட்ரிக்சன் குழுவினர் தாக்குதலைக் காட்டியதோடு நிற்கவில்லை. மாதிரியை வேறுபாட்டுத் தனியுரிமையால் காத்தால் என்ன நேரும் என்பதையும் கணினியில் உருவகித்த மருத்துவச் சோதனைகளின் வழி ஆராய்ந்தனர். மரபணு ஊகத்தைத் தடுக்கும் அளவுக்கு எப்சிலானைக் குறைத்தபோது, மாதிரி பரிந்துரைத்த மருந்தளவுகள் பிழைபட்டன. அவ்வளவுகளைப் பின்பற்றினால் பக்கவாதம், இரத்தக்கசிவு, இறப்பு ஆகியவற்றின் வாய்ப்புக் கூடும் என்று முடிவு வந்தது.

இம்முடிவு தனியுரிமைக் காப்பு வேண்டாம் என்று கூறுவதன்று. எந்தப் பணிக்கு எந்தக் காப்பு என்பதை மருத்துவரும் கணிப்பாளரும் நோயாளரும் சேர்ந்து தெரிய வேண்டும் என்பதே அது உணர்த்துவது. ஒரு மாவட்டத்தில் நீரிழிவு எவ்வளவு பரவியுள்ளது என்று அறிய வேண்டுமாயின் பிசிறு கலந்த எண் போதும். ஒருவர் நாளை விழுங்க வேண்டிய மாத்திரையின் அளவில் பிசிறு கலக்க இயலாது. பின்னதற்கு, மாதிரியைப் பொதுவெளியில் வைக்காது மருத்துவமனைக்குள் வைப்பதும், அணுக்கத்தைக் கட்டுப்படுத்துவதும், மறையாக்கக் கணிப்பும் பொருத்தமான வழிகள்.

6. சிறு குழுவின் இருமுனைச் சிக்கல்

விலையைச் செலுத்துவோர் யார் என்ற வினா இங்கு எழுகிறது. நாணயச் சோதனையையே மீண்டும் எடுத்துக்கொள்வோம். 1,000 பேரில் நோயுடையோர் 10 விழுக்காடு எனில், நாணயத்தின் தற்செயலால் மட்டும் நம் கணிப்பு ஏறத்தாழ 3 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடவோ குறையவோ விலகக்கூடும். அதே சோதனையை 20 பேர் கொண்ட குழுவில் நடத்தினால் விலகல் ஏறத்தாழ 19 புள்ளிகள். 10 என்ற உண்மையைச் சுற்றி 19 புள்ளி விலகல் இருந்தால், அக்கணிப்பால் பயன் ஏதுமில்லை. பெருங்குழுவுக்கும் சிறுகுழுவுக்கும் காப்பு ஒன்றே, இழப்பு ஒன்றன்று.

மாதிரிகளிலும் இதுவே நேர்கிறது. 2019இல் பாக்டசார்யன், பூர்சயீத், ஷ்மாட்டிகோவ் ஆகியோர், வேறுபாட்டுத் தனியுரிமையோடு பயின்ற மாதிரிகளின் துல்லியம், தரவில் குறைவாக இடம்பெற்ற குழுக்களுக்கே மிகுதியாகக் குறைகிறது என்று காட்டினர். காரணம் எளிது. பெரும்பான்மையினின்று வேறுபட்ட பதிவுதான் மாதிரியைப் பெரிதும் திருத்த முயலும். உச்சவரம்பு அதைத்தான் முதலில் வெட்டும்.

மறுமுனையில், தனித்துத் தெரியும் இடரும் சிறுகுழுவுக்கே மிகுதி. நோர்வேயின் சிறுநகரம் ஒன்றின் மருத்துவப் பட்டியலில் வயதுத் தொகுதி, பாலினம், வீட்டுமொழி ஆகிய மூன்று மட்டும் உள்ளன என்க. வீட்டுமொழி நோர்வீஜியம் என்றால் அவ்வரிசைக்குப் பொருந்துவோர் நூற்றுக்கணக்கில் இருப்பர். வீட்டுமொழி தமிழ் என்றால் ஒருவரோ இருவரோ இருக்கலாம். அவ்வூர்த் தமிழ்ச் சங்கத்தில் அவர் யாரென்று எல்லாரும் அறிவர். மொழி என்னும் ஒரே நிரல், பிறர்க்கு மறைவிடமாகவும் நமக்குச் சுட்டுவிரலாகவும் ஆகிறது.

அந்நிரலை நீக்கிவிடலாமே எனில், அதிலும் இழப்புண்டு. ஆசிய மக்களுக்கு நீரிழிவு, இதயநோய் இடர் குறைந்த உடல்நிறைச் சுட்டெண்ணிலேயே தொடங்குகிறது என்பதை ஏற்று, உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல், 25, 30 என்ற பொது வரம்புகளை மாற்றாமலே, 23, 27.5 ஆகியவற்றைக் கூடுதல் கவனப் புள்ளிகளாகச் சுட்டியது. குழு வேறுபாட்டை அறியாத மாதிரி இத்தகைய வேறுபாடுகளைக் கற்கவே இயலாது. ஏற்கெனவே தமிழர் பல நாட்டுப் பதிவேடுகளில் பரந்த வகைகளுக்குள் கரைந்துள்ளனர். சிங்கப்பூரில் 'இந்தியர்' என்ற வகையிலும், இங்கிலாந்தில் பூர்விகத்திற்கேற்ப 'இந்தியர்' அல்லது 'ஏனைய ஆசியர்' என்ற வகையிலும் அவர்கள் அடங்குவர். தெரிந்தால் இடர், தெரியாவிட்டால் புறக்கணிப்பு. இதுவே சிறுகுழுவின் இருமுனைச் சிக்கல்.

கூட்டிணைவுக் கற்றல் இங்கு ஒரு வழியைத் திறக்கிறது. ஓர் ஊரில் 20 பேராக இருப்போர் பல நாடுகளின் மருத்துவமனைகளைச் சேர்த்து நோக்கினால் பல்லாயிரவர் ஆவர். சிங்கப்பூர், மலேசியா, கனடா, இங்கிலாந்து, இலங்கை, தமிழ்நாடு ஆகிய இடங்களின் மருத்துவமனைகள் தரவை நகர்த்தாமல் இணைந்து பயிற்றுவித்தால், குழு பெரிதாகும். அதே அளவு பிசிறு தரும் இழப்புச் சிறிதாகும். மூளைப் புற்றுக்கட்டி ஆய்வு அரிய நோய்க்குச் செய்ததை, சிதறி வாழும் மக்களுக்கும் செய்யலாம்.

7. நிறுவனமும் நம்பிக்கையும்

கணிதம் மட்டும் காப்பாகாது. 2018இல் சிங்கப்பூரின் சிங்ஹெல்த் கணினி அமைப்பில் நடந்த ஊடுருவலில் 15 இலட்சம் நோயாளரின் பெயர், அடையாள எண், முகவரி, பாலினம், இனம், பிறந்த நாள் ஆகியன களவாடப்பட்டன. ஏறத்தாழ 1,60,000 பேருக்கு வழங்கப்பட்ட மருந்து விவரங்களும் பறிபோயின. அவர்களுள் அன்றைய பிரதமர் லீ சியன் லூங்கும் ஒருவர். 2019 சனவரியில், எச்.ஐ.வி. பதிவேட்டிலிருந்த 14,200 பேரின் விவரங்கள் இணையத்தில் கசிந்ததை அந்நாட்டுச் சுகாதார அமைச்சு அறிவித்தது. இவை மூலத் தரவின் பாதுகாப்பில் நேர்ந்த தவறுகள். இவற்றை வேறுபாட்டுத் தனியுரிமையால் தடுத்திருக்க இயலாது.

நோயாளருக்குச் சொல்லாமை மற்றொரு தவறு. இலண்டன் ராயல் ஃபிரீ மருத்துவமனை அறக்கட்டளை, சிறுநீரகப் பாதிப்பைக் காலத்தே அறிவிக்கும் செயலியைச் சோதிப்பதற்காக 16 இலட்சம் நோயாளரின் பதிவுகளை டீப்மைண்ட் நிறுவனத்திற்கு வழங்கியது. பிரித்தானியத் தகவல் ஆணையர் 2017 சூலையில் இது தரவுப் பாதுகாப்புச் சட்டத்திற்கு இணங்கவில்லை என்று முடிவு கூறினார். நோயாளருக்குப் போதிய அளவு தெரிவிக்கப்படவில்லை என்பது அவர் சுட்டிய குறைகளுள் ஒன்று. நோக்கம் நன்று, ஆயினும் கேட்காமல் எடுத்தது நம்பிக்கையைக் குலைத்தது.

8. கலைச்சொல்லும் ஒப்புதலும்

நோயாளருக்குச் சொல்ல வேண்டும் எனில், அவர் மொழியில் சொல்ல வேண்டும். தமிழாய்வாளர் பங்களிக்க வேண்டிய இடம் இது. சிங்கப்பூரிலும் இலங்கையிலும் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. பிற நாடுகளிலும் மூத்த தலைமுறையினர்க்குத் தமிழிலேயே படிவம் விளங்கும்.

தமிழ்ப் படிவத்தில் 'உங்கள் பெயர் நீக்கப்படும்' என்று எழுதினால் அது உண்மை. 'உங்களை யாரும் அடையாளம் காண இயலாது' என்று எழுதினால் அது, இரண்டாம் பகுதியில் கண்டவாறு, பொய்யாகலாம். 'பெயரிலி' என்ற சொல்லும் இக்குழப்பத்தைத் தருவதால், 'பெயர் நீக்கிய தரவு', 'அடையாளம் காண்பது அரிதாக்கப்பட்ட தரவு' என்று இரண்டையும் பிரித்து வழங்குவது தக்கது. டிஃபரன்ஷியல் என்பதை 'வகையீட்டு' என்று பெயர்த்தால் நுண்கணிதத்தோடு மயங்கும். ஒருவர் இருப்பதற்கும் இல்லாததற்கும் இடையிலான வேறுபாட்டையே அது குறிப்பதால் 'வேறுபாட்டுத் தனியுரிமை' எனல் பொருந்தும். கலக்கப்படும் எண்ணை 'இரைச்சல்' என்றால் பொதுமக்கள் ஒலியை நினைப்பர். துணியில் ஒட்டும் நூலிழை போல எண்ணில் ஒட்டுவதால் 'பிசிறு' என்பது இக்கட்டுரையின் பரிந்துரை.

ஒப்புதல் படிவத்திற்கு உரிய எளிய வாசகம் ஒன்று பின்வருமாறு அமையலாம்: "உங்கள் மருத்துவப் பதிவு இம்மருத்துவமனையை விட்டு வெளியே செல்லாது. அதிலிருந்து கணினி கற்றுக்கொள்வது மட்டும் பிற மருத்துவமனைகளோடு பகிரப்படும். அதைக் கொண்டு உங்களைக் கண்டறிவதைக் கடினமாக்கும் வழிகளைக் கையாள்கிறோம். முற்றிலும் இயலாது என்று உறுதி கூற முடியாது. நீங்கள் மறுத்தாலும் உங்கள் சிகிச்சையில் எந்த மாற்றமும் இராது." எப்சிலான் என்ற சொல் இதில் இல்லை, ஆனால் இக்கட்டுரை விளக்கியவற்றுள் நோயாளருக்கு வேண்டியவை இதில் உள்ளன.

9. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்துரைப்பின்:

அ) பெயர் நீக்கம் மட்டும் தனியுரிமையைக் காப்பதில்லை, தரவால் பயின்ற மாதிரியும் காட்டிக்கொடுக்கக்கூடும்.

ஆ) கூட்டிணைவுக் கற்றல், மறைகூட்டல், மறையாக்கக் கணிப்பு, வேறுபாட்டுத் தனியுரிமை ஆகியவை வெவ்வேறு இடங்களைக் காப்பன, அவை ஒன்றுக்கொன்று மாற்று அல்ல, துணை.

இ) காப்புக்கு விலை உண்டு. மருந்தளவு போன்ற பணிகளில் அது உயிரின் விலையாகலாம். ஆகவே பணிக்கேற்பக் காப்பைத் தெரிய வேண்டும்.

ஈ) விலையின் பெரும்பங்கு சிறு குழுக்கள் மீது விழுகிறது. மாதிரியின் துல்லியத்தை மொத்தச் சராசரியாக மட்டுமன்றிக் குழுவாரியாகவும் அறிவிக்க வேண்டும் என்று கோருவது புலம்பெயர் தமிழ் அமைப்புகள் செய்யத்தக்க பணி.

உ) பல நாட்டு மருத்துவமனைகளின் கூட்டிணைவும், உண்மையைத் திரிக்காத தமிழ் ஒப்புதல் படிவமும் உடனடியாகத் தொடங்கத்தக்க இரு முயற்சிகள். முன்னதற்கு மருத்துவரும் கணிப்பாளரும் வேண்டும். பின்னதற்கு மொழி அறிஞர் வேண்டும்.